யார் உடம்பு, யார் கணக்கு: ரவாங் முதல் கிள்ளான் வரை

1894-இல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் ஒரு மின்னாக்கி ஓடத் தொடங்கியது. மலாயாத் தீபகற்பத்தில் மின்சாரம் பயன்பட்டதாகப் பதிவாகியிருக்கும் முதல் நிகழ்வு அதுதான். கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சீனத் தொழிலதிபர் லோக் இயூ. மற்றவர் கோலாலம்பூர்த் தமிழர்களுக்கு அன்று தலைவராக இருந்த க. தம்புசாமிப் பிள்ளை. மகா மாரியம்மன் கோயிலைப் பற்றியோ பத்துமலையைப் பற்றியோ பேச்செடுத்தால் தம்புசாமியின் பெயர் தானாக வந்துவிடும். சுரங்கத்துப் பம்புக்கு மின்சாரம் பூட்டிய தம்புசாமியை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. ஈயம் பள்ளத்தில் கிடக்கும், பள்ளத்தில் நீர் ஊறும், ஆள் வைத்து இறைத்தால் மாளாது. அந்த ஊற்றுநீரை இறைக்கத்தான் உலகத்தின் புத்தம்புதிய கருவி ரவாங்குக்கு வந்து சேர்ந்தது.

கணினி, பொறியியல், மருத்துவம் மூன்றையும் இணைத்த பயன்பாட்டு ஆராய்ச்சி என்று இன்று பல்கலைக்கழகங்கள் புதிதாகப் பேசுகின்றன. ரவாங்கிலிருந்து கிள்ளான் வரையிலான இந்த வட்டாரத்தில் துறைகள் கலப்பது நூறாண்டு தாண்டிய பழக்கம். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாட்டைக் கருவிகளில் தேடிப் பயனில்லை. ஆராய்ச்சி யார் உடம்பின் மேல் நடந்தது, அவரைக் கேட்டுத்தான் நடந்ததா என்பதில் அது இருக்கிறது.

வாய்க்கால் வெட்டிய டாக்டர்

1901 ஜனவரியில் கிள்ளானுக்கு மாவட்ட டாக்டராக வந்தார் ஸ்காட்லாந்துக்காரர் மால்கம் வாட்சன். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்து நான்கு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. காய்ச்சலில் ஆட்கள் சாய்ந்ததால் சில மாதங்களுக்குள் அதை மூட வேண்டியதாயிற்று. கொயினா கொடுப்பதோடு நிற்காமல், சதுப்பைச் சுற்றிக் கரை எழுப்பி, காட்டை வெட்டி, வாய்க்கால் தோண்டச் சொன்னார் வாட்சன். அவர் பதிவு செய்த கணக்கின்படி கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் 1901-இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902-இல் அந்த எண்ணிக்கை 59. இடைப்பட்ட மாதங்களில் புது மருந்து எதுவும் வந்துவிடவில்லை. வேலையைச் செய்தவை மண்வெட்டிகள்.

கடலோரத்தில் பலித்த இந்த வைத்தியம் மலைப்பக்கம் ஏறியதும் எதிர்வேலை செய்தது. கடலோரச் சதுப்பில் மலேரியாவைப் பரப்பிய கொசு நிழலில் முட்டையிடும் வகை. காடு போய் வெயில் பட்டால் அதற்கு வாழ்வில்லை. ரவாங் போன்ற மலையடிவாரங்களில் இருப்பது வேறு வகை. வெயில் படும் தெளிந்த ஓடைநீரில்தான் அது பெருகும். ரப்பர் நடக் காட்டை அழித்தபோது தோட்டக்காரர்கள் அதற்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். கிள்ளானைக் காப்பாற்றிய அதே திறந்த வாய்க்கால் இங்கே கொசு வளர்த்தது. வாட்சன் இதைக் கண்டு வழியை மாற்றினார். மலையடிவாரத்தில் ஓடைநீரைக் குழாய் வழியாகப் பூமிக்கடியில் கொண்டுபோனார்கள், பிற்பாடு எண்ணெய் தெளித்தார்கள். எல்லாக் கொசுவையும் துரத்தாமல், நோய் பரப்பும் கொசு எது, அது எந்த நீரில் வளர்கிறது என்று பார்த்து அந்த இடத்தை மட்டும் கெடுப்பது என்ற முறை இப்படித்தான் பிறந்தது. பூச்சியியலும் வடிகால் பொறியியலும் மருத்துவமும் ஒரே ஆளின் நோட்டுப் புத்தகத்தில் கலந்திருந்தன.

அந்தக் கணக்குகளில் தமிழர்கள் எப்படி வருகிறார்கள்? ஆயிரத்துக்கு இத்தனை என்ற விகிதமாக வருகிறார்கள். ஓராண்டில் ஆயிரத்துக்கு நூறு பேருக்கு மேல் மாண்ட தோட்டங்கள் இருந்தன. கப்பலில் வந்து லயத்தில் தங்கிப் பால்வெட்டிய அந்த ஆட்களுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும் உண்டு. ரப்பர் விலை ஏறியிருந்த காலம் அது. செத்த கூலியும் படுத்த கூலியும் தோட்ட நிர்வாகத்துக்கு நட்டக் கணக்கு. வாய்க்காலுக்குப் பணம் புரண்டதில் இரக்கத்துக்கு இருந்த பங்கைவிட இந்தக் கணக்குக்கு இருந்த பங்கு பெரிது. பலன் என்னவோ லயத்துக்கும் கிடைத்தது.

புழுங்கலரிசியின் சாட்சியம்

அந்தக் காலத்தின் இன்னொரு கொலைகாரன் பெரிபெரி. கால் மரத்து, வீங்கி, கடைசியில் நெஞ்சு நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் கும்பல் கும்பலாக இதில் விழுந்தார்கள். பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. சீனர்கள் தின்றது நன்றாகத் தீட்டிய வெள்ளைச் சயாம் அரிசி, தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி என்ற வேறுபாட்டைச் சிரம்பானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் பிடித்துக்கொண்டார். 1900-இல் கோலாலம்பூரில் தொடங்கிய நோயியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட்டோ இது தொற்றுநோய் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

சோதித்துப் பார்த்தவர் வில்லியம் ஃபிளெட்சர். களம் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதி. 1905 டிசம்பரில் அங்கிருந்தவர்களை வரிசையில் நிறுத்தி எண் போட்டார்கள். ஒற்றைப்படை எண் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் மறுபக்கம். ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசி, மறுபிரிவுக்குப் புழுங்கலரிசி. ஓராண்டு முடிவதற்குள் வெள்ளையரிசிப் பிரிவில் பலர் படுத்தார்கள், சிலர் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பிரிவு பெரும்பாலும் தப்பியது. 1907-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. பிறகு ஃபிரேசர், ஸ்டான்டன் இருவரும் நெகிரி செம்பிலானில் சாலை போட்ட 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே சோதனையை விரிவாக நடத்தி, தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒரு சத்து போய்விடுகிறது என்று நிறுவினார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதற்குத் தயமின் என்ற பெயர் பின்னால் வந்தது.

இரண்டு பிரிவாகப் பிரித்து ஒப்பிடும் மருத்துவச் சோதனை முறையின் வரலாற்றில் ஃபிளெட்சரின் வேலைக்கு இடமுண்டு. சோறு தின்றவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை என்பதும் அதே வரலாற்றின் பக்கம்தான். நெல் அவிக்கும் அண்டாவைத் தலைமுறை தலைமுறையாக அடுப்பில் ஏற்றிவந்த பெண்களுக்கும் அந்தக் கட்டுரையில் இடமில்லை.

சுங்கை பூலோ

ரவாங்கிலிருந்து ரயிலில் தெற்கே வந்தால் சுங்கை பூலோ. 1930-இல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. நோய் என்று தெரிந்தால் சட்டப்படி பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே தோட்டமும் பள்ளியும் கோயிலும் இருந்தன. வெளியே வரத்தான் வழியில்லை. இந்தக் குடியிருப்பின் நோயாளிகளிடம் எடுத்த கிருமியைத்தான் பெட்டிட், ரீஸ் என்ற ஆய்வாளர்கள் எலியின் பாதத்தில் வளர்த்து, டாப்சோன் மருந்துக்குக் கிருமி பழகிப்போவதை 1964-இல் உலகுக்கு முதன்முதலாக நிரூபித்தார்கள். ஒற்றை மருந்தைக் கைவிட்டுக் கூட்டு மருந்துக்கு உலகம் மாறியதன் பின்னால் இந்த வேலையும் இருக்கிறது. அதே ஊரின் இன்றைய மருத்துவமனையைத்தான் 2020-இல் கோவிட் நோயாளிகளுக்கு முதன்மை மையமாக நாடு நம்பியிருந்தது.

இன்று: கொசுவை விட்டுக் கொசுவைப் பிடிப்பது

ரவாங்கைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புகளாகிவிட்டன. சுங்கை சோவில் பெரோடுவா கார்த் தொழிற்சாலை நிற்கிறது. 1994-இல் வந்த கஞ்சிலில் தொடங்கி, மண்வெட்டி பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலரின் முதல் கார் அங்கே உருவானது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் 2018 முதல் பதிவாகவில்லை. குரங்கிடமிருந்து வரும் மலேரியா மட்டும் காட்டோரங்களில் தொடர்கிறது.

கொசு ஊரைவிட்டுப் போகவில்லை, வேறு கொசுவாகத் திரும்பி வந்திருக்கிறது. ஏடிஸ் வீட்டுக்குள்ளேயே, பூந்தொட்டித் தட்டிலும் அடைபட்ட கூரை வடிகாலிலும் வளர்கிறது. 2019-இல் மட்டும் நாட்டில் 1,30,101 பேருக்கு டிங்கி. 182 பேர் இறந்தார்கள். வாட்சனின் வாய்க்கால் இதற்கு உதவாது. அவர் முறை உதவுகிறது: எந்தக் கொசு, எந்த நீர் என்று பார். டிங்கி என்று சந்தேகம் வந்தாலே 24 மணி நேரத்துக்குள் டாக்டர் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அறிவிப்புகள் கணினியில் சேர்ந்து, எந்தத் தாமானில் நோய் பற்றியிருக்கிறது என்று வரைபடமாகப் பொதுமக்கள் கண்ணுக்கே தெரிகின்றன.

பழைய நோயியல் கூடத்தின் வாரிசான மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் சிலாங்கூரில் ஒரு புதிய வழியைச் சோதித்தது. வொல்பாக்கியா என்ற பாக்டீரியா உடலில் இருக்கும் ஏடிஸ் கொசுக்களை வளர்த்துக் குடியிருப்புகளில் பறக்கவிட்டார்கள். அந்தப் பாக்டீரியா இருக்கும் கொசுவில் டிங்கிக் கிருமி சரியாக வளராது, தாய்க்கொசு அதைத் தன் குஞ்சுகளுக்கும் கடத்திவிடும். நம் வெப்பத்தைத் தாங்கும் வகையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். கொசு விட்ட இடங்களில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2019-இல் ஆய்வு வெளியானது. ஆனால் அந்த 40 விழுக்காட்டைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. கொசுவைத் திறந்துவிடுவதற்கு முன்னால் ஆய்வாளர்கள் குடியிருப்பவர்களிடம் போய் விளக்கம் சொல்லி, சம்மதம் பெற்றார்கள். 1905-இல் எண் போட்டு நிறுத்தப்பட்டவர்களுக்கும் இவர்களுக்கும் இடையில் உள்ள தூரம் அதுதான்.

காகிதம் இல்லாத மருத்துவமனை

கணினி இந்தக் கதைக்குள் நுழைந்ததும் மின்சாரத்தின் வழியாகத்தான். நாட்டின் முதல் கணினி, ஐபிஎம் 1401, 1966-இல் தேசிய மின்சார வாரியத்துக்கு வந்தது. 1985-இல் மிமோஸ் என்ற மின்னணு ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியது. 1996-இல் மல்டிமீடியா பெருவழித் திட்டம் வந்தபோது தொலைமருத்துவம் அதன் முதன்மைத் திட்டங்களில் ஒன்று. அடுத்த ஆண்டு நிறைவேறிய தொலைமருத்துவச் சட்டமோ ஆண்டுக்கணக்கில் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. கட்டடம் முந்திக்கொண்டது. 1999-இல், ரவாங் இருக்கும் அதே கோம்பாக் மாவட்டத்தில், செலாயாங் மருத்துவமனை நாட்டின் முதல் காகிதமில்லா மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு எல்லாம் திரையில். தோட்டத்து டிரஸ்ஸர் ஒரு தடித்த பேரேட்டில் பெயரும் காய்ச்சலும் கொயினாவும் எழுதிவைத்த காலத்துக்கும் இதற்கும் நூறாண்டுகூட இடைவெளி இல்லை.

இன்று அந்தத் திரையில் நம்மவர்களைப் பற்றி அதிகம் எழுதப்படுவது இனிப்பு நீர். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். பெரிபெரியிலிருந்து தாத்தாவைக் காத்தது தட்டில் இருந்த அரிசி. பேரனிடம் டாக்டர் குறைக்கச் சொல்வதும் அதே தட்டில் இருக்கும் அரிசியைத்தான். அன்று ஒரு வேளைச் சோற்றின் வகையை மாற்றினால் நோய் நின்றது. இன்றைய நோய்க்குச் சோறு, உட்கார்ந்த வேலை, மரபு, தூக்கம் என்று பல வேர்கள். ஒரு நோயாளியின் பத்தாண்டுப் பதிவு இல்லாமல் இதை ஆராய முடியாது. ஆகவே இன்றைய ஆராய்ச்சிக்கு வேண்டியது உடம்பைவிட உடம்பின் பதிவு.

ஒப்புதல் கேள்வி இங்கே மறுபடியும் எழுகிறது. புது மருந்தைச் சோதிக்க வேண்டுமானால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் கையெழுத்தும் கட்டாயம். பதிவு விஷயத்தில் பிடி தளர்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியார் கிளினிக்கைக் கட்டுப்படுத்தும். மத்திய, மாநில அரசுகளை அது தொடாது. கோவிட் காலத்து மைசெஜாத்ரா செயலியில் குவிந்த தரவு யாருக்குச் சொந்தம் என்று 2022-இல் நாடாளுமன்றக் குழு வரை கேள்வி போனது. பெருந்தொற்று நாட்களில் ரவாங் கடைவாசலில் நின்று ஸ்கேன் செய்த எவருக்கும் அந்தக் கேள்வியில் பங்குண்டு.

வாட்சனின் அட்டவணைகளில் பெயரில்லாமல் நின்றவர்களுக்குக் கேட்க வாயில்லை. நமக்கு இருக்கிறது. அரசு மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதை மறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கொடுக்காவிட்டால் இனிப்பு நீருக்கு விடை கிடைக்காது. கொடுப்பவருக்கு அது எதற்கு என்று சொல்லவேண்டும், அரசையும் சட்டம் கட்டுப்படுத்தவேண்டும், கிடைத்த முடிவு தமிழிலும் கிளினிக் சுவருக்கு வரவேண்டும். இந்த மூன்றும் நடந்தால்தான் நாம் அட்டவணையிலிருந்து ஆராய்ச்சிக்குள் வந்திருக்கிறோம் என்று பொருள்.