முகவரியும் பள்ளிக்கூடமும்

பிள்ளைக்கு வாய்மையைப் போதிக்கும் தாயே, அப்பிள்ளையின் படிப்புக்காகப் பொய் முகவரி தருவதும் உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஆக்ரன் நகரத்துத் தாய் ஒருவர், தம் பெண்கள் இருவரையும் அண்டையூர்ப் பொதுப் பள்ளியில் சேர்ப்பதற்காக, அவ்வூரில் வாழ்ந்த தம் தந்தையாரின் முகவரியைத் தம்முடையதாகக் காட்டினார். 2011ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவருக்குப் பத்து நாள் சிறைத்தண்டனை விதித்தது. அவ்வாண்டிலேயே மாநில ஆளுநர் குற்றத்தின் கடுமையைக் குறைத்தார்.

இத்துணைத் துணிவு எதன்பொருட்டு? அந்நாட்டுப் பொதுப் பள்ளியில் கட்டணம் இல்லை. ஆனால், பிள்ளை எப்பள்ளியில் பயிலலாம் என்பதைப் பெரும்பாலும் வீடு இருக்கும் வட்டாரமே வரையறுக்கிறது. பள்ளிச் செலவில் கணிசமான பங்கு அவ்வட்டாரத்துச் சொத்துவரியிலிருந்து வருகிறது. வீடுகளின் மதிப்பு உயர்ந்த ஊரில் வரி எளிதில் திரளும்; ஏழை ஊரிலோ அது அரிது. மாநில அரசின் உதவி இவ்வேற்றுமையைக் குறைப்பினும், பல இடங்களில் முற்றிலும் நீக்குவதில்லை.

வரி செலுத்தும் ஊரார், பிறர் பொய்யுரைத்துத் தம் பள்ளியிற் புகுவதைக் கண்டிப்பது இயல்பே. ஆயினும், சொத்துவரியை அளவுக்கு மீறி நம்பிய அம்மாநிலப் பள்ளி நிதிமுறை அரசியல் சட்டத்துக்கு மாறானது என்று 1997இல் ஒஹாயோ உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தது. தாயின் பொய்யைத் தண்டிப்பது எளிது. அப்பொய்க்கு இடந்தந்த முறையைச் சீர்திருத்துவதே அரிய பணி. மாணவர்கள் இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.