குழாய் நீரில் எஞ்சும் குளோரின்

கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீர் யாவும் பருகத்தக்க நீராகிவிடாது. மகாராஷ்டிரத்தின் புனே நகரில், சிங்ககட் சாலையை அடுத்து விரைந்து வளர்ந்துவரும் குடியிருப்புகளின் மக்கள் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவ்வுண்மையை அனுபவத்தால் அறிய நேர்ந்தது. அப்பகுதியில் 'கில்லான்-பாரே' என்னும் நரம்பு நோய் பலருக்கு ஏறத்தாழ ஒரே சமயத்தில் கண்டது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குவதால் இந்நோயாளிகளின் கைகால்கள் தளர்ந்துவிடுகின்றன. சிலருக்கு மூச்சு விடுவதும் இயலாமற் போகிறது. வழக்கமாக அரிதாகவே காணப்படும் இந்நோய், சில வாரங்களுக்குள் 200க்கும் மேற்பட்டவர்களிடம் இருப்பதாக ஐயுறப்பட்டது.

புனேயிலேயே அமைந்துள்ள தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையம் நோயாளிகளின் மலத்தைச் சோதித்தது. சிலரிடம் காம்பிலோபாக்டர் என்னும் பாக்டீரியாவும், சிலரிடம் நோரோவைரசும் காணப்பட்டன. இவை இரண்டும் அசுத்தமான உணவின் வழியாகவும் நீரின் வழியாகவும் பரவக்கூடியவை. ஆதலின் நாந்தேட் சிற்றூரின் பெரிய கிணற்றின் மீது அதிகாரிகளின் கவனம் சென்றது. அக்கிணற்று நீர் முறையாக வடிகட்டப்படாமல், குளோரின் மட்டும் கலக்கப்பெற்று வீடுகளுக்குச் சென்றுகொண்டிருந்தது.

நகரமும் நீரும்

புனே நகரம் நீர்வளம் குன்றிய ஊரன்று. 18ஆம் நூற்றாண்டிலேயே பேஷ்வா நானாசாகேப் காத்ரஜ் ஏரியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் அமைத்து நகரின் நீர்த்தொட்டிகளுக்கு நீர் கொணர்ந்தார். முத்தா ஆற்றின் மீது கடக்வாஸ்லா அணை 1879இல் கட்டி முடிக்கப்பெற்றது. 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து, அவ்வெள்ளத்தில் கடக்வாஸ்லாவும் உடைந்தது; பின்னர் இரண்டும் மீண்டும் கட்டப்பட்டன. இன்று வரஸ்காவ், தேம்கர் ஆகியவற்றையும் சேர்த்து நான்கு நீர்த்தேக்கங்களின் கொள்ளளவு ஏறத்தாழ 29 டி.எம்.சி., அதாவது சுமார் 82,000 கோடி லிட்டர்.

எனினும் தேக்கத்தில் நீர் இருப்பது வேறு. அது தூய்மை பெற்று வீடு சேர்வது வேறு. 2017இல் 11 சிற்றூர்களும், 2021இல் 23 சிற்றூர்களும் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. எல்லைக் கோட்டை ஓர் ஆணையால் மாற்றிவிடலாம். சுத்திகரிப்பு நிலையமும் குழாய்களும் அமையப் பல ஆண்டுகள் வேண்டும். அதுவரை கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் டாங்கர் லாரிகளுமே புறநகர் மக்களுக்குத் துணை.

குளோரின் செயற்படும் விதம்

சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் சேர்த்து மண்ணையும் கசடையும் படியவைக்கின்றனர். பின் மணற்படுகையின் வழியே நீரை வடிக்கின்றனர். இறுதியில் குளோரின் கலக்கின்றனர். இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. குளோரின் கிருமிகளை மட்டுமின்றி, நீரிலுள்ள அழுக்கையும் தாக்கித் தானும் செலவழிகிறது. நீர் கலங்கியிருப்பின் கிருமிகளைக் கொல்லும் முன்னரே குளோரின் தீர்ந்துவிடலாம். மண் துகள்களுக்குள் மறைந்த கிருமிகள் தப்பியும் விடலாம். எனவே எவ்வளவு குளோரின் சேர்த்தோம் என்பதைவிட எவ்வளவு எஞ்சியது என்பதே முக்கியம். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. வைரஸ்களினின்றும் காப்பு வேண்டுமாயின் இவ்வளவு 0.5 மில்லிகிராமாக இருத்தல் வேண்டும்.

எஞ்சிய குளோரின் ஒரு காவலாளியும் ஆகும். நாளில் சில மணி நேரமே நீர் விடப்படும் இடங்களில், மற்ற நேரத்தில் குழாயினுள் அழுத்தம் குறைகிறது. அப்போது பழுதான இணைப்புகளின் வழியே வெளியிலுள்ள சாக்கடை நீர் உள்ளே கசிய வாய்ப்புண்டு. சிறிதளவு அசுத்தம் புகுந்தால் எஞ்சிய குளோரின் அதனைத் தடுக்கும். மிகுதியாகப் புகுந்தால் குளோரின் மறைந்து, சோதனையில் அபாயத்தை அறிவிக்கும்.

வீட்டார் செய்யத்தக்கவை

அடுக்குமாடி இல்லங்களின் நிலத்தடித் தொட்டியை முறையாகக் கழுவுதல் முதற்கடமை. கிணற்று நீரோ டாங்கர் நீரோ நிரப்பினால், தெளிந்த நீர் 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் சுமார் 2.5 கிராம் போதும். 20,000 லிட்டர் தொட்டிக்கு 50 கிராம். பவுடரைச் சிறிது நீரில் குழைத்து, மேலும் நீர் விட்டுத் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் தொட்டியில் நன்கு கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பை நீக்கிவிடலாம். ஒரு மணி நேரம் கழித்தே நீரைப் பயன்படுத்த வேண்டும். புதிய பவுடரின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பயன்தரும் குளோரின் இருக்கும். காற்றும் ஒளியும் ஈரமும் பட்டால் அது வீரியமிழக்கும். எனவே மூடிய கலத்தில் இருளான, உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். கடையில் கிடைக்கும் சிறு சோதனைப் பெட்டியைக் கொண்டு, நீரில் தோன்றும் நிறத்தால் எஞ்சிய குளோரினை எவரும் அளந்தறியலாம். சோதனையைத் தொட்டியில் மட்டுமன்றி, மேல்மாடியின் கடைசிக் குழாயிலும் செய்தல் நலம். ஐயம் எழுந்தால், கொதி வந்தபின் மேலும் ஒரு நிமிடம் நன்கு கொதிக்கவிட்டு, ஆறிய நீரையே பருக வேண்டும்.