கீபோர்டில் குடியிருப்போர் சங்கம்!

எங்க பொட்டிபுரத்தை ஊர் உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது நியூட்ரினோ! மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் கட்டலாம் என்றார்கள் சிலர். கூடவே கூடாது என்றார்கள் பலர். கண்ணுக்கே தெரியாத ஒரு சமாசாரத்துக்காக அத்தனை சண்டை!

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூட்டம் லைப்ரரி கம்ப்யூட்டர்களில் கூடாரம் போட்டிருக்கிறது. அதைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடக் காணோம்.

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்து நிபுணர் சார்லஸ் கெர்பா, 2002-ல் ஆபீஸ் சாமான்களைச் சோதித்தார். ஒரு சதுர அங்குலத்துக்கு கீபோர்டில் 3,295 கிருமிகள், மவுஸில் 1,676. டாய்லெட் சீட்டில்? வெறும் 49! அத்தனையும் ஆளைக் கவிழ்க்கிற கிருமிகள் இல்லை. ஆனாலும், டாய்லெட்டைக் கழுவுகிறோம்... கீபோர்டை யார் சார் துடைக்கிறார்கள்?

2023 ஜூனில் போடிக்கு ரயில் திரும்ப வந்தது. ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். குரூப்-4 கனவோடு படிக்கிற எங்க பக்கத்துப் பையன்களுக்கு இரண்டுமே வரப்பிரசாதம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவனுக்கு லைப்ரரி கம்ப்யூட்டர்தானே கதி! ஆனால் பஸ் கம்பியைப் பிடித்த கை, முறுக்கு தின்ற கை, மூக்கைச் சிந்திய கை, எல்லாம் வந்து விழுவது அதே 'என்டர்' பட்டனில். பரீட்சைக்கு முந்தின வாரம் 'மெட்ராஸ் ஐ' வந்தால் ஒரு வருஷ உழைப்பு கோவிந்தா!

'துடைச்சா மெஷின் கெட்டுடும்' என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு சேதி. 2006-ல் வட கரோலினா பல்கலைக்கழகத்தார் கீபோர்டுகளைக் கிருமிநாசினியால் 300 தடவை துடைத்துப் பார்த்தார்கள். ஒரு எழுத்துகூட அழியவில்லை! வெறும் தண்ணீரில் நனைத்துத் துடைத்ததிலேயே 95 சதவீதத்துக்கு மேல் பாக்டீரியா காலி. ஆக, செலவு ஒன்றும் பெரிசில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் தினமும் அழுத்தித் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. மருந்தைத் துணியில் தெளிக்கணும். கீபோர்டில் ஊற்றி அபிஷேகம் பண்ணக் கூடாது!

மீதிப் பாதி நம் கையில். நிஜமாகவே கையில்தான். மெட்ராஸ் ஐ வைரஸ் ஸ்பிரிட்டுக்குச் சுலபத்தில் மசியாது. சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவணும். உட்காரும் முன்னும், எழுந்த பின்னும். நடுவில் கண்ணைக் கசக்கவே கூடாது.

தம்பி, படிப்பைக் கைகழுவாமல் இருக்கணும்னா... முதல்ல கையைக் கழுவு!