சிவப்பழகு க்ரீமும் ஒரு நூலிழைச் சதையும்

சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்து நிற்கிறது. சாயங்காலமானால் கொலுசு கிடக்கும் இடத்தில் பள்ளம். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் சிறுநீரில் போகிறது. “எனக்கு ஏன் டாக்டர் இது வந்துச்சு?” என்ற கேள்விக்கு வெகுகாலம் பதிலே கிடையாது.

நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கு எடுப்பார்கள். நூல் கனம்தான் இருக்கும். நீளம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். அதைச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வடிகட்டிகளின் சுவர் தடித்திருப்பது தெரியும். மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்று பெயர். அந்தச் சுவரிலிருந்து முள் முள்ளாய் நீட்டிக்கொண்டிருப்பதை 1957-ல் டேவிட் ஜோன்ஸ் வெள்ளிச் சாயம் ஏற்றிக் காட்டினார். உடம்பின் எதிர்ப்பொருள்கள்தான் அங்கே படிகின்றன. எதைக் குறிவைத்து என்பது பெரியவர்களைப் பொறுத்தவரை அரை நூற்றாண்டு புதிராகவே கிடந்தது.

2009-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் பெக், டேவிட் சலன்ட் குழு புதிரை அவிழ்த்தது. குறி, வடிகட்டியின் செல்களிலேயே இருக்கும் பி.எல்.ஏ.2.ஆர் என்ற புரதம். காரணம் தெரியாத இந்த நோயுள்ள 37 பேரில் 26 பேருக்கு அதற்கெதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. இன்று ரத்தப் பரிசோதனையே பலருக்கு பயாப்ஸியைத் தவிர்த்துவிடுகிறது.

மிச்சமுள்ளவர்கள்? மேயோ கிளினிக்கின் சஞ்சீவ் சேத்தி குழு, லேசரால் வடிகட்டிகளை மட்டும் வெட்டியெடுத்து, அதிலுள்ள புரதங்களை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் அலசியது. அதில் அகப்பட்டதுதான் நெல்-1. நம் வயலின் நெல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு புரதத்தின் பெயர்ச்சுருக்கம். திசுவில் அதற்கான சாயத்தைப் போட்டால் சுவரோரம் பொடிப்பொடியாகப் பழுப்பு நிறம் ஏறும், பல நேரம் எல்லா இடத்திலும் இல்லாமல் திட்டுத்திட்டாக.

முதலில் நெல்-1 என்றாலே புற்றுநோய் இருக்கிறதா என்றுதான் தேடினார்கள். இன்றும் தேட வேண்டும். ஆனால் நம் பக்கத்தில் இந்தப் பழுப்புப் புள்ளிகள் வேறு கதையும் சொல்லின. சென்னையின் சிறுநீரகத் திசு நிபுணர் அனிலா ஆப்ரகாம் குரியன், அமெரிக்க சகாக்களோடு 2022-ல் எழுதிய ஆய்வில், நெல்-1 நோயாளிகள் பலர் நாட்டு மருந்து சாப்பிட்டவர்கள் என்று காட்டினார். சந்தேகம் அந்த மருந்துகளிலுள்ள பாதரசத்தின் மேல் விழுந்தது.

அடுத்தது கேரளத்தின் மலப்புறம். கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்பரனஸ் நெஃப்ரோபதியோடு வந்தவர்கள் 22 பேர். அதில் 15 பேருக்கு நெல்-1. டாக்டர்கள் சஜீஷ் சிவதாஸும் ரஞ்சித் நாராயணனும் துருவிக் கேட்டபோது, 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியதை ஒப்புக்கொண்டார்கள். ஒருவருக்கு மூளை ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தது. ஆனாலும் யாருக்கும் சிறுநீரகம் செயலிழக்கவில்லை. க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. பழுப்புப் புள்ளிகள் அந்தக் கேள்வியைக் கேட்க வைக்காவிட்டால், க்ரீமைப் பூசிக்கொண்டே ஸ்டீராய்டு மாத்திரையும் விழுங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துவது அதுதான்.

இப்படிப்பட்ட க்ரீம்களில் கலக்கும் பாதரசம், தோலில் கருநிறமி உண்டாக்கும் நொதியை முடக்கும். அதனால்தான் முகம் சீக்கிரம் வெளுக்கிறது. “பத்தே நாளில் பளிச்சுன்னு ஆயிட்டே” என்று நாலு பேர் சொல்லும் அதே நாட்களில், அந்தப் பாதரசம் தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தில் சேர்ந்துகொண்டிருக்கும். நிறத்துக்காக நம் பெண் பிள்ளைகளைக் குத்திக்காட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

தொழிற்சாலைக் கழிவுப் பாதரசத்தால் சிதைந்த ஜப்பானிய ஊரின் பெயரைத் தாங்கிய மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் அனைத்தையும் 2025-க்குள் ஒழிக்கச் சொன்னது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பயாப்ஸி ரிப்போர்ட்டில் நெல்-1 பாசிட்டிவ் என்று வந்திருந்தால், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அலமாரியில் உள்ள க்ரீம் டப்பா, செந்தூரப் பொட்டலம், லேகிய பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். லேபிள் இல்லாத டப்பாவை முதலில் எடுத்து வையுங்கள்.