புறத்தட்டிலிருந்து கணினியை இயக்குதல்

வன்றட்டுப் பழுதுற்ற கணினியைக் கழிபொருளெனக் கருதுவார் பலர். நாம் அவ்வாறு கருதுகின்றிலம். கணினியை ஆளும் பணிசெயல் முறைமை அதனுள்ளேயே உறைதல் வேண்டுமென்னும் நியதி யாதுமில்லை. மின்விசையை அழுத்தியதும் முதலில் விழித்தெழுவது தாய்ப்பலகையிற் பதிந்த சிறு நிரலேயாம். முறைமையை எவ்வெவ்விடத்துத் தேடுவதென்னும் வரிசை அதனிடம் உண்டு. அவ்வரிசையில் யூஎஸ்பி தட்டுக்கு முதலிடம் அளிப்பின் கணினி அதிலிருந்தே இயங்கும். உள்ளிருக்கும் வன்றட்டோ, நாமாக அதனைத் திறவாதவரை, தீண்டப்படாது கிடக்கும்.

2000ஆம் ஆண்டில் ஜேர்மனியரான கிளவுஸ் நொப்பர் வெளியிட்ட நொப்பிக்ஸ் இவ்வாறே இறுவட்டிலிருந்து இயங்கிற்று. 2003இல் தோன்றிய பப்பி லினக்ஸ் நினைவகத்தில் ஏறிக்கொள்வதால் முதிய கணினியிலும் தளராது. விண்டோசுக்கு மைக்ரோசொப்ற் 2012இல் இவ்வழியை அமைத்து, 2020இற் கைவிட்டது. 2025 ஒக்ரோபர் 14இல் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவும் முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்கவியலாமையால் மூலையிலிடப்படும் கணினியை எறியுமுன், மாணாக்கர் இம்முறையைப் பரீட்சித்தல் நன்று.

தட்டின் தெரிவிலே கவனம் வேண்டும். மலிவான நினைவுக்குச்சி, இடையறாது எழுதப்படின் விரைவில் தேயும். திண்மநிலைத் தட்டே தகுதியுடையது. துவாரமும் யூஎஸ்பி 3.0 ஆயின், செக்கனுக்கு 480 மெகாபிற்றென்னும் பழைய எல்லை 5 கிகாபிற்றாக உயரும். இயங்குங்கால் தட்டைப் பிடுங்கும் அவசரக் கைகளுக்கு இவை யாதும் உதவா.