சம்பள நாளும் தவணை நாளும்

பெண்கள் சொந்தத் தொழில் தொடங்க வேண்டும் என்ற உபதேசம் இப்போது மலைநாட்டில் தாராளமாகவே கிடைக்கிறது. தோட்டங்களுக்கு வரும் தொண்டு நிறுவனத்தாரும், பிரதேச செயலகத்து உத்தியோகத்தர்களும், கோயில் மண்டபத்தில் பயிற்சி வகுப்பு நடத்துவோரும், தையல், பலகாரம், காளான், கோழி வளர்ப்பு என்று பல வித்தைகளைக் கற்றுக்கொடுத்து, துணிந்து இறங்குங்கள் என்று வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். வித்தைக்கோ துணிவுக்கோ நம் ஸ்திரீகளிடம் எக்காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை என்பதே என் அபிப்பிராயம். விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பி, அதன் பின்னர் அடுப்பேற்றி, மறுநாள் பாடசாலை வாசலில் விற்பதற்கு முறுக்குச் சுட்டு வைக்கும் ஒருத்திக்குத் துணிவைப் பற்றி எடுத்துச் சொல்லும் யோக்கியதை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? அவளுக்கு எவரும் எடுத்துச் சொல்லாத விஷயம் வேறு. பணம் அவள் கைக்கு வரும் நாளுக்கும் அவள் கையை விட்டுப் போகும் நாளுக்கும் பொருத்தம் இல்லாவிட்டால், எவ்வளவு சாமர்த்தியமாக நடத்தினாலும் அவளுடைய வியாபாரம் ஒரு வருஷத்தைத் தாண்டாது என்பதுதான் அது.

ஹாலிஎலவை எடுத்துக்கொள்வோம். பதுளையிலிருந்து பண்டாரவளைக்குச் செல்லும் பெருந்தெருவில், 1924ஆம் ஆண்டு பதுளையை எட்டி முடிவுற்ற மலைநாட்டு ரயில் பாதையின் கடைசிக்கு முந்திய நிலையத்தை அணைத்தபடி கிடக்கும் இந்தச் சிறு பட்டணத்தின் கடைவீதி, சுற்றியுள்ள தோட்டங்களின் சம்பளத்தை நம்பியே ஜீவிக்கிறது. மாதத்தின் பத்தாந் திகதியை ஒட்டிச் சம்பளம் விழுந்ததும் நாலைந்து நாட்களுக்குக் கடைகளில் நிற்க இடமிராது. இருபதாந் திகதிக்குப் பின்னரோ அதே கடைகளில் காசுக்குப் பதிலாகக் கடன் கொப்பிதான் நடமாடும். லயத்தில் இருந்து தைப்பவளும், மிளகாய்த்தூள் இடித்து விற்பவளும், பதுளையில் சேலை எடுத்து வந்து வீடு வீடாகக் காட்டுபவளும் தங்கள் வாடிக்கையாளர்களின் இந்த மாத வட்டத்துக்குள்ளேயே சுழல்கிறார்கள். இதற்கு மேல் வருஷ வட்டம் ஒன்றும் உண்டு. ஆடி முதல் புரட்டாசி வரையில் ஊவாவின் மலைச்சரிவுகளில் வறண்ட காற்று வீசும் காலத்தில்தான் இம்மாகாணத்துத் தேயிலைக்கு உலகம் போற்றும் அந்த வாசனை ஏறுகிறது. ஆனால் அந்த மாதங்களிலேயே கொழுந்து சுருங்கி, வேலை நாட்கள் குறைந்து, எடை போதாதவர்களுக்கு அரைநாட் சம்பளமான அரைப்பேர் விழுந்து, சம்பளத் துண்டும் மெலிந்துவிடுகிறது. தீபாவளி முற்பணம் கிடைக்கும்போது கடைவீதி மீண்டும் உயிர்பெறும். தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும், பாடசாலைச் சீருடைத் துணி விநியோகிக்கப்படும் காலமும் தையற்காரிக்கு இரவு பகல் தெரியாத வேலையைக் கொண்டுவரும். இந்த ஏற்ற இறக்கங்களை ஹாலிஎலவில் வியாபாரம் செய்யும் எந்தப் பெண்ணும் அறிவாள்.

அறிந்திருந்தும் அவள் ஏன் அகப்பட்டுக்கொள்கிறாள் என்பதே நான் இங்கு பிரதானமாகப் பேச விரும்பும் சங்கதி. தையல் இயந்திரம் ஒன்று வாங்கவோ, மாவும் எண்ணெயும் மொத்தமாக எடுக்கவோ மூலதனம் தேடி அவள் வங்கிக்குப் போனால், வங்கி காணி உறுதியைக் கேட்கிறது. ஐந்து தலைமுறையாகக் குடியிருந்தும் லயத்துக் காம்பரா தோட்டத்தின் சொத்தாகவே இருக்கிறது. அதை ஈடு வைக்க முடியாது. அரசாங்க உத்தியோகத்தர் இருவரைப் பிணை கொண்டுவரச் சொன்னால் அவள் யாரைத் தேடிப் போவாள்? அப்போதுதான் லயத்து வாசலுக்கே மோட்டார் சைக்கிளில் வந்து, உறுதியும் வேண்டாம், நகையும் வேண்டாம், ஐந்து பெண்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் கையெழுத்து வைத்தால் போதும் என்று ஒரு கடன் வருகிறது. கிழமைக் கடன் என்று எல்லோரும் சொல்லும் நுண்கடன் அது.

இம்முறைக்கு மூலபுருஷர் என்று கொண்டாடப்படும் முகம்மது யூனுஸ், கிராமின் வங்கியை 1983இல் ஸ்தாபித்தபோது அவர் கண்முன் இருந்தவர்கள் வங்கதேசத்துக் கிராமங்களில் நெல் குத்தியும் மூங்கிற் கூடை முடைந்தும் அன்றாடம் நாலு காசு கண்ட பெண்கள். அன்றாடம் காசு காண்பவளுக்குக் கிழமைத் தவணை பொருந்தலாம். பேருந்து நிலையத்தருகே ரொட்டியும் சோற்றுப் பார்சலும் விற்று மாலையில் ரொக்கத்தை எண்ணிப் பார்ப்பவளை நான் தடுக்கவில்லை. ஆனால் மாதத்தில் ஒருநாள் மட்டும் காசு காணும் வாடிக்கையாளர்களை நம்பியிருப்பவள், மாதத்தில் நான்கு முறை தவணை கட்டுவதாக ஒப்புக்கொள்ளும் கணத்திலேயே அவளுடைய நஷ்டம் ஆரம்பமாகிவிடுகிறது. முதற் கிழமைத் தவணை வியாபாரப் பணத்திலிருந்து போகும். இரண்டாவது வீட்டுச் செலவிலிருந்து போகும். மூன்றாவதற்குத் தோடு அடகுக்குப் போகும். நான்காவதற்கு இன்னொரு கம்பனியின் கடன் வரும்.

வட்டிக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. 50,000 ரூபா கடன், வருஷத்துக்கு நூற்றுக்கு 24 வீதம் வட்டி, 52 கிழமைத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி 12,000 ரூபா, ஆக 62,000, கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபா. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆயினும், முதற் கிழமையிலிருந்தே முதல் கரைந்துகொண்டு வருவதையும், வட்டி மட்டும் முழு 50,000 ரூபாவுக்கும் வருஷம் முழுவதும் கணக்கிடப்பட்டிருப்பதையும் கவனித்தால், உண்மையில் அவள் செலுத்தும் வட்டி நூற்றுக்கு 44 வீதம் அளவுக்கு வந்துவிடுகிறது. இதன்மேல் காப்புறுதி என்றும் ஆவணச் செலவு என்றும் முன்கூட்டியே பிடித்துக்கொள்வதையும் சேர்த்தால் இன்னும் ஏறும். கடன் வாங்கப் போகும் சகோதரி கேட்க வேண்டிய முதற் கேள்வி, வட்டி எத்தனை வீதம் என்பதன்று. குறைந்துவரும் மீதிக்கு வட்டியா, வாங்கிய முழுத் தொகைக்கு வட்டியா என்பதே.

நம்முடைய முன்னோர் இந்த நாட்டில் முதன்முதலாக அனுபவித்த பந்தனமும் கடன்தான். கப்பற் செலவும் வழிச் செலவும் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறி, அக்கடன் தீராமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாதபடி துண்டு முறை அவர்களைக் கட்டிப்போட்டது. எத்தனையோ கிளர்ச்சிக்குப் பின்னர் 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பின்னும் பெண்ணின் உழைப்புக்கு முழு மதிப்புக் கிடைக்க அறுபது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் அவளுக்கு வந்தது. அப்படிப் படிப்படியாக விடுபட்டு வந்த ஒரு சமூகத்தின் பெண்கள், தொழில் முயற்சி என்ற அழகிய பெயரின் கீழ் மறுபடியும் தவணைக்காரனின் குரலுக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் நிலைமை என் மனத்தை மிகவும் வருத்துகிறது. இது நம் மாகாணத்துக்கு மாத்திரம் உரிய துன்பமுமன்று. ஆந்திராவில் 2010இல் இதே காரணத்தால் அரசாங்கம் அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. இங்கே 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுடைய சிறு கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரும் 2021இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் பெண்கள் இந்தக் கடன் சுமைக்கு எதிராக வீதியோரத்தில் அமர்ந்து வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் செய்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்து மலைகளைச் சரித்துப் பாதைகளை அடைத்தபோது விற்பனை நின்றுவிட்டது. தவணைக் கணக்கு தானாக நிற்கவில்லை.

வங்கி எட்டிப்பாராத இடத்துக்குப் பணத்தைக் கொண்டுவருபவர்கள் இந்தக் கம்பனியாரே என்று வாதிப்போர் உண்டு. அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் தவணை நாள் பொருந்தாத பணம் உதவியாக வந்து சுமையாகிவிடுகிறது.

ஆகையால், தொழில் தொடங்க எண்ணும் பெண் கடனுக்கு முன்னர் கணக்கில் இறங்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். கணக்கில் முதலாவதாக ஏற வேண்டியது அவளுடைய சொந்த உழைப்பு. 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதே, அந்த விகிதத்தில் பார்த்தாலும், அவள் பேரில் தோட்டம் செலுத்தும் சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதமும் சேர, ஒருநாள் கொழுந்துக்குப் போகாமல் வீட்டில் இருந்து பலகாரம் சுடுவதற்கு அவள் இழப்பது 1,550 ரூபாவுக்கு மேல். மாவுக்கும் எண்ணெய்க்கும் விறகுக்கும் போக அந்தத் தொகை மிஞ்சாவிட்டால், அது வியாபாரமாகாது. பழைய வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்வதாகவே முடியும். வியாபாரம் இரண்டு ஆடி மாதங்களைத் தாங்கி நிற்கும் வரையில் தோட்டத்தின் பெயர்ப் பதிவான செக்ரோலில் இருந்து பெயரை எடுத்துவிடாமல், ஞாயிற்றுக்கிழமையிலும் மாலை வேளையிலும் நடத்திப் பார்ப்பதே விவேகம்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் பணவீக்கம் நூற்றுக்கு 70 வீதத்தை எட்டிய அந்தக் கொடிய மாதங்களில், பழைய விலைக்கே விற்றால் வாடிக்கையாளர் நிலைப்பார்கள் என்று நம்பி, விற்ற பணத்தில் மறுபடி மாவு வாங்க முடியாமல் நின்றுபோனவர்கள் பலர். சரக்கு வாங்கும் ஒவ்வொரு முறையும் விலையைக் கொப்பியில் எழுதி, அதே அன்று விற்கும் விலையையும் திருத்திவிட வேண்டும். கோழித் தீனியானாலும், கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து வரும் உருளைக்கிழங்கானாலும் இதே விதிதான்.

கடன் கொப்பி விஷயத்தில்தான் நம் பெண்கள் மிகவும் தயங்குகிறார்கள். வாங்குபவள் அந்நியப் பெண்ணல்லளே, எதிர்க் காம்பராவில் இருக்கும் மதினி, ஒரே மலையில் கொழுந்து பறிப்பவள். "சம்பளத்துக்குத் தாரேன் அக்கா" என்று சிரித்துக்கொண்டு கேட்பவளிடம் இல்லை என்பது எளிதன்று. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரம்பை முதல் மாதத்திலேயே சொல்லிவிட்டு, சம்பளத்தன்று கணக்கு முடியாத வீட்டுக்கு அடுத்த மாதம் ரொக்கம் மட்டுமே என்ற நியமத்தைச் சொந்தத் தங்கையிடமும் கடைப்பிடித்து வந்தால், மனஸ்தாபம் ஒரு மாதத்தோடு தீர்ந்து, மரியாதை நிலைத்துவிடும். கொப்பி இரண்டு இருக்க வேண்டும், வீட்டுக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று. தொழிற் பெட்டியிலிருந்து புருஷன் ஐந்நூறு ரூபா எடுத்தாலும் அது அவர் பெயரில் எழுதப்பட வேண்டும்.

தொழிலின் பெயரையும் பெண் தன் பெயரிலேயே பதிந்துகொள்ள வேண்டும். விவாகமான ஸ்திரீ தனக்கென்று சொத்து வைத்திருப்பதற்கும் தானே ஒப்பந்தம் செய்வதற்கும் 1923ஆம் ஆண்டின் சட்டமே வழி திறந்துவிட்டது. மனைவி தன் காணியை விற்கப் புருஷனின் சம்மதத்தைக் கேட்கும் யாழ்ப்பாணத்துத் தேசவழமை மலைநாட்டுத் தமிழரைக் கட்டுப்படுத்துவதுமில்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, சிறு தொகையானாலும் மாதந்தோறும் போட்டு எடுத்து வந்தால், இரண்டொரு வருஷத்தில் அந்தக் கணக்குப் புத்தகமே உறுதி இல்லாத குறையை ஓரளவு ஈடு செய்யும். சமைத்த உணவு விற்பவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அஞ்சி ஒளிய வேண்டியதில்லை. அவருடைய அங்கீகாரம் இருந்தால் எல்ல என்ற ஊரின் பக்கத்து விடுதிகளுக்கும் பலகாரம் அனுப்பலாம். தோட்டத்துக்குள் பிரதேச சபை சேவை செய்வதற்கு இருந்த தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கிவிட்டது என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். கடிதங்கள் தோட்டக் காரியாலயம் வழியாகத் தாமதித்து வருவதால், வங்கியில் கைபேசி இலக்கத்தையும் கட்டாயம் பதிந்துவிட வேண்டும்.

மூலதனத்துக்கு வேறு வழியே இல்லையா என்று கேட்கலாம். அகமதாபாத்தில் இளா பட் அம்மையாரின் சேவா சங்கத்துப் பெண்கள், தங்களை மதியாத வங்கிகளை நம்பியிராமல் 1974இல் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவு வங்கியை அமைத்துக்கொண்டார்கள். நம் நாட்டிலும் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களின் வரலாறு 1906இல் தொடங்குகிறது. 1978க்குப் பின் சணச இயக்கம் அவற்றுக்குப் புத்துயிர் ஊட்டியது. முதலில் சேமிப்பு, பின்னர் கடன் என்பதே அவற்றின் முறை. சம்பளம் விழுந்த பின் வரும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு லயத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் கூடி, இருநூறோ முந்நூறோ போட்டு, மாதத் தவணையில் தங்களுக்குள் கொடுத்து வாங்கலாம். இதைச் சீட்டு என்ற உருவில் அவர்கள் ஏற்கெனவே செய்துதான் வருகிறார்கள். கணக்கெழுதும் பெண்ணை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி, கூட்டுறவுத் திணைக்களத்தில் பதிந்துகொண்டால் அதற்கு ஸ்திரம் வந்துவிடும்.

ஏற்கெனவே அகப்பட்டுக்கொண்டவர்கள் செய்ய வேண்டியவை வேறு. எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் மீதி எவ்வளவு என்று கம்பனியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாய்க்கணக்கை ஏற்கக் கூடாது. ஒரு கடனை அடைக்க இன்னொன்றை வாங்கவே கூடாது. குழுவில் மற்றொருத்திக்காகக் கையெழுத்திட்டவளும் கடன்காரியே ஆகிறாள். அக்கடன் தவறினால், ஒருவரின் கடன் வரலாற்றைக் காட்டும் கிரிப் அறிக்கையில் அவள் பெயரும் விழலாம். ஆதலால் அந்த அறிக்கையை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது அவசியம். தவணை தவறியதற்காக இரவு வரை வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகளின் முன்னிலையில் தூஷித்துப் பேசும் அதிகாரம் எந்த வசூலிப்பாளருக்கும் கிடையாது. அப்படி நடந்தால் குழுவினர் சேர்ந்து பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுத்து, அதன் பிரதியையும் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.