தேடுவது கிடைக்கும் வெப்சைட்: பக்கங்களை ஒழுங்குபடுத்துவது எப்படி?

வெப்சைட் அமைப்பது இன்று கடினமான வேலை இல்லை. கூகுள் சைட்ஸ், வேர்ட்பிரஸ் போன்றவை இருப்பதால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கூட ஒரே நாளில் ஒரு தளத்தை உருவாக்கி இன்டர்நெட்டில் ஏற்றிவிடலாம். ஆனால் வருகிறவர் தேடி வந்ததை அங்கு கண்டுபிடிக்க வேண்டுமே! கடைக்கு வந்தவர் பொருள் கிடைக்காவிட்டால் கடைக்காரரிடம் கேட்பார். வெப்சைட்டுக்கு வந்தவர் கேட்பதில்லை. மூடிவிட்டு அடுத்த தளத்திற்குப் போய்விடுவார். அவர் வந்ததும் போனதும் உங்களுக்குத் தெரியாது. வராமல் போன ஆர்டருக்குக் கணக்கும் கிடையாது.

இதைத் தவிர்க்கும் வழிகளை இங்கு பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, நீங்கள் ஒரு சிறிய நாற்றுப் பண்ணைக்கு வெப்சைட் அமைப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் பேப்பர், பிறகு கம்ப்யூட்டர்

எடுத்த எடுப்பில் கலர், படம், எழுத்து வடிவம் என்று இறங்கிவிடாதீர்கள். தளத்தில் இடம்பெற வேண்டிய ஒவ்வொரு விஷயத்தையும் ஒரு துண்டு அட்டையில் எழுதுங்கள். ஒட்டு மா, மல்லிகைப் பதியன், தொட்டி, மண்புழு உரம், விலை, பண்ணைக்கு வரும் வழி, போன் எண் என முப்பது, நாற்பது அட்டைகள் சேரும். அவற்றைக் கலைத்துப் போட்டு, செடி வாங்கும் வழக்கம் உள்ள இரண்டு, மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். "எவை எவை ஒன்றாக இருக்க வேண்டும்? அந்தக் கூட்டத்திற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். வெப்சைட் வடிவமைப்பாளர்கள் இதனைக் கார்டு சார்ட்டிங் என்று அழைக்கின்றனர். செலவில்லாத வழி, பலன் அதிகம்.

பண்ணைக்காரர் செடிகளைப் பாத்தி எண் வைத்தோ, கொள்முதல் செய்த ஊரை வைத்தோ பிரித்திருப்பார். வாங்க வருபவர் "மாடியில் வைக்க", "நிழலில் வளர", "பூஜைக்குப் பூ" என்றுதான் நினைப்பார். தளத்தின் பிரிவுகள் வாங்குபவர் நினைப்பதைப் போல இருக்க வேண்டும்.

நூலகம் தரும் பாடம்

இந்தப் பிரச்னை வெப்சைட்டுகளுக்கு முன்பே நூலகங்களில் இருந்தது. சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931ல் வெளியான நூலில் நூலகத்திற்கு ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றில் நான்காவது, படிக்க வருபவரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியது. 1933ல் வெளியிட்ட தன் கோலன் பகுப்பு முறையில், ஒரு பொருளைப் பல கோணங்களில் பிரித்துப் பார்க்கும் வழியைக் காட்டினார். இன்று ஆன்லைன் கடைகளில் விலை, கலர், அளவு எனத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து வடிகட்டுகிறோம் அல்லவா? அடிப்படையில் அதுவும் இதே சிந்தனைதான்.

அலமாரியில் ஒரு புத்தகத்தை ஓரிடத்தில்தான் வைக்க முடியும். வெப்சைட்டில் அந்தத் தடை இல்லை. கறிவேப்பிலைக்கு ஒரே ஒரு பக்கம் அமையுங்கள். "சமையலறைத் தோட்டம்", "தொட்டியில் வளர்பவை" ஆகிய இரண்டு பிரிவுகளிலிருந்தும் அதற்கு லிங்க் கொடுங்கள். அதே பக்கத்தை இரண்டு முறை காப்பி செய்து வைக்க வேண்டாம். விலை மாறும்போது ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்துவிட்டால், வாடிக்கையாளரிடம் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

வரிசைப்படுத்த ஐந்து வழிகள்

தகவல்களை ஐந்து வழிகளில் வரிசைப்படுத்தலாம் என்று அமெரிக்க வடிவமைப்பாளர் ரிச்சர்ட் சால் வர்மன் 1989ல் எழுதினார். இடம், அகர வரிசை, காலம், வகை, ஏற்ற இறக்கம் ஆகியவையே அவை. நம் பண்ணைக்கு வகை முதன்மையாக இருக்கட்டும். ஒரு வகைக்குள் விலையின் ஏற்ற இறக்கப்படி அடுக்கலாம். ஆடிப் பட்டத்திற்கு ஏற்ற விதைகள் என்று காலத்தை ஒட்டியும் ஒரு பக்கம் தரலாம். அகர வரிசையை மட்டும் நம்ப வேண்டாம். ஒருவர் நித்தியகல்யாணி என்று தேடும் செடியை இன்னொருவர் சுடுகாட்டு மல்லி என்று தேடுவார். பட்டியலில் இரண்டு பெயர்களும் இருக்க வேண்டும்.

எத்தனை கிளிக்?

எதையும் மூன்று கிளிக்கில் அடைய வேண்டும் என்று பலர் கூறுவார்கள். ஜோஷுவா போர்ட்டர் என்பவர் 2003ல் வெளியிட்ட ஆய்வு முடிவுகள் இதற்கு ஆதரவாக இல்லை. மூன்றாவது கிளிக்கைத் தாண்டியதும் மக்கள் தேடலைக் கைவிட்டுவிடவில்லை. சரியான பாதையில் போகிறோம் என்ற நம்பிக்கைதான் முக்கியம். எனவே கிளிக்குகளைக் குறைப்பதற்காக முதல் பக்கத்திலேயே அறுபது லிங்க்குகளைக் கொட்ட வேண்டாம். அதே நேரத்தில் போன் எண், வரும் வழி போன்ற அவசரத் தேவைகளை எல்லாப் பக்கங்களிலும் கொடுங்கள்.

மெனுவும் லிங்க்கும்

* மெனு எல்லாப் பக்கங்களிலும் ஒரே இடத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும்.

* "எங்கள் சேவைகள்", "மற்றவை" போன்ற தலைப்புகள் எதையும் சொல்வதில்லை. "பழ மரக் கன்றுகள்" என்றால் உடனே புரியும்.

* "இங்கே கிளிக் செய்யவும்" என்று லிங்க் தராமல், "ஒட்டு மா விலைப் பட்டியல்" என்று தாருங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் சாப்ட்வேர், லிங்க்குகளை மட்டும் தனியே படித்துக் காட்டும்போதும் இது பொருள் தரும்.

* சர்ச் இன்ஜின் மூலம் வருபவர் முதல் பக்கம் வழியாக வருவதில்லை. நேராக உள்ளே இறங்குகிறார். எனவே பக்கத்தின் மேலே "முகப்பு > பழ மரக் கன்றுகள் > மா" என்று பாதையைக் காட்டுங்கள்.

* மொபைல் போனில் மெனு மூன்று கோடுகளுக்குள் மறைந்துவிடும். மிக முக்கியமான இரண்டு லிங்க்குகளையாவது வெளியில் தெரியும்படி வையுங்கள்.

பைல் பெயர்களில் கவனம்

பைல்களை நீங்களே தயாரித்து சர்வரில் ஏற்றுவதாக இருந்தால், ஆங்கிலப் பெயர்களைச் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் அமைக்கவும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொதுவாகப் பொருட்படுத்தாது. லினக்ஸ் சர்வர் பொருட்படுத்தும். உங்கள் கம்ப்யூட்டரில் நன்றாகத் தெரிந்த படம், சர்வரில் ஏற்றியவுடன் காணாமல் போக இது ஒரு காரணம். படங்களைத் தனி போல்டரில் வைக்கவும். ஏற்றிய பிறகு பெயரை மாற்றினால், பழைய லிங்க்கில் வருபவருக்கு 404 என்ற பிழைச் செய்திதான் கிடைக்கும். மாற்றியே தீர வேண்டும் என்றால், பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் தானாகச் செல்லும்படி அமைக்கவும்.

பத்து நிமிடச் சோதனை

தளம் தயாரானதும், அதனை இதுவரை பார்க்காத ஒருவரை அழைத்து உட்கார வையுங்கள். "இருநூறு ரூபாய்க்குள் நிழலில் வளரும் ஒரு செடியைக் கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். மவுஸ் அவர் கையில் இருக்கட்டும். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கு தயங்குகிறார், எந்த லிங்க்கைத் தவறாகக் கிளிக் செய்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து இதே சோதனையை ஒரு மொபைல் போனிலும் செய்து பாருங்கள். இருவர் ஒரே இடத்தில் தடுமாறினால், தவறு அவர்களிடம் இல்லை. அந்த இடத்தைத் திருத்திவிட்டு, மூன்றாவதாக ஒருவரை அழையுங்கள்.